ஓர் எழுத்துப் பிழையும் ஐந்து பெயர்களும்

1

நான் குடியிருக்கும் ஹடர்ஸ்ஃபீல்ட் நகரத்துப் பூங்காவில் இந்தச் சித்திரை மாதம் சில மரக்கன்றுகள் நட்டார்கள். கொரோனாவில் இறந்தவர்களின் நினைவாக. நகரசபைப் பெரியவர் ஒருவர் குடையைப் பிடித்துக்கொண்டு பேசினார். மழை அவரைவிட அதிக நேரம் பேசியது. பிறகு ஆளுக்கொரு நாடாவைக் கொடுத்து, உங்களுக்கு வேண்டியவரின் பெயரை எழுதிக் கட்டுங்கள், எந்த நாட்டில் இறந்தவராக இருந்தாலும் பரவாயில்லை என்றார்கள்.

நான் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிறவள். மத்தியான இடைவேளையில் தலையில் மாட்டிய வலைத்தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஓடிப் போயிருந்தேன். நாடாவில் தமிழில் 'மருதமுத்து' என்று எழுதினேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண், அதை எப்படிச் சொல்வது என்று கேட்டாள். சொல்லிக் கொடுத்தேன். "மாருடா மூட்டு" என்றாள். இன்னொரு தரம் சொன்னேன். இன்னும் மோசமாக வந்தது. என் அண்ணன் மட்டும் கேட்டிருந்தால், "யாருடி இவ, என்னைய மூட்டையாக்கிட்டா" என்று மலை அதிரச் சிரித்திருப்பார். நானும் அங்கேயே நின்று சிரித்தேன். சிரித்தபடியே அழுதும் விட்டேன். அவள் என் தோளைத் தட்டி, தேநீர் வேண்டுமா என்று கேட்டாள். இந்த நாட்டில் எல்லாத் துக்கத்துக்கும் அதுதான் மருந்து.

மறுநாள் காலை, வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தபடி மலையகத்தில் உடப்புசல்லாவைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு அழைத்தேன். அங்கே அப்போது பகல் சாப்பாட்டு நேரம். அண்ணனின் மனைவி செல்லம்மா மதினி, பறித்த கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு வந்து, தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். மரம் நட்ட கதையைச் சொன்னேன்.

"அவரு பேர எழுதிக் கட்டுனியா?"

"ஆமா மதினி. தமிழ்லதான் எழுதுனேன்."

"நல்லா இரு." என்றார். "அவரு காலே படாத ஊர்ல அவரு பேருக்கு ஒரு மரம் நிக்குது. இங்க நான் ஒரு வெளக்கு வைக்க எடமில்லாம நிக்கிறேன் பாரு சரசு."

அவர் குறையாகச் சொல்லவில்லை. உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலத்தான் சொன்னார். ஆனால் அன்று முழுவதும் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கும்போதெல்லாம் அந்தப் பேச்சே காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

2

எங்கள் தோட்டத்தில் இறந்தவர்களைப் புதைப்பதுதான் வழக்கம். தேயிலைக்கு ஆகாத ஒரு சரிவில் குழிமேடுகள் இருக்கும். தீபாவளிக்கு முதல் நாள் மாலையில் எல்லோரும் அங்கே போய்ப் புல்லைச் செதுக்கி, விளக்கேற்றி, போனவருக்குப் பிடித்ததைப் படைத்துவிட்டு வருவார்கள். எங்கள் அப்பாவுக்கு ஒரு சுருட்டும் ரெண்டு முறுக்கும். அதோடு கொஞ்சம் வீட்டுக் கதையும் சொல்லிவிட்டு வருவோம். யார் பெரிய மனுஷி ஆனாள், யார் கொழும்புக்கு வேலைக்குப் போனான் என்பதையெல்லாம் அப்பாவுக்குச் சொல்லாமல் இருக்க முடியுமா?

அண்ணன் கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடி உயர்ந்து போனால் முழங்கால் அளவுக்கு வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. அவர் வெட்டிய மலை, அன்றைக்குத்தான் முடி வெட்டி வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசை பிசகாமல் இருக்கும். ஆனால் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு மட்டும் ஒரு நாளும் நேரத்துக்குப் போனதில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடுவார். அவருடைய தேத்தண்ணிப் போத்தலைத் தூக்கிக்கொண்டு பின்னால் மதினி ஓடுவார்.

கொரோனா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் என்னோடு ஒரு தடவை பேசினார். இருமலுக்கு நடுவில், "இந்த ஆஸ்பத்திரித் தேத்தண்ணி இருக்கே சரசு, வெறும் தூசி. நாம பறிக்கிற நல்ல கொழுந்தெல்லாம் உங்க ஊருக்குத்தான் வருது போல. நல்லா குடி, வுட்டுறாத" என்றார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

விமானம் இல்லை. இருந்திருந்தாலும் எனக்கு விடுப்பு இல்லை. மதினி லயத்துக்குள் தனிமைப்படுத்தலில் இருந்தார். அண்ணனின் சவப்பெட்டியை ஏற்றிய வாகனம் கீழ் ரோட்டில் ஐந்து நிமிடம் நின்றதாம். மதினி வாசலில் இருந்தே கையெடுத்துக் கும்பிட்டாராம். வாகனம் போய்விட்டது. கொரோனாவில் இறந்தவரைப் புதைக்கக் கூடாது, எரிக்கத்தான் வேண்டும் என்பது அப்போது அரசாங்க உத்தரவு. எரித்த ஊரின் பெயர் மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். சாம்பல்கூட வரவில்லை. தோட்டத்தில் எங்கள் டிவிசனில் மட்டும் இப்படிப் போனவர்கள் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் குழி இல்லை.

அந்த வருடத்தில் இருந்து தீபாவளிக்கு முதல் நாள் ஊரே சரிவுக்குப் போகும்போது மதினி கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்துவிடுவார். முதலில் எனக்குத் தெரியாது. கேட்டபோது, "எந்தக் குழியில கொண்டுபோய் வைக்கட்டும்?" என்றார்.

3

கல் நடலாம் என்ற யோசனை மதினியுடையதுதான். மரம் நட்ட கதை அவர் மனதில் கிடந்து உறுத்தியிருக்கிறது. மற்ற நான்கு வீடுகளுக்கும் போய்ப் பேசிவிட்டு எனக்கு அழைத்தார்.

"ஒரு கல்லு. அஞ்சு பேரு. பெரட்டுக் களத்து ஓரமா. தீவாளிக்கு முன்னால. நீ என்ன சொல்ற?"

நான் என்ன சொல்வேன். பெரட்டுக் களம் என்பது காலையில் தொழிலாளர்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, இன்றைக்கு யாருக்கு எந்த மலை என்று பிரித்துவிடும் இடம். ஐந்து பேரும் பத்துப் பதினைந்து வயதில் இருந்து கால் கடுக்க நின்ற இடம் அது. அதைவிட்டால் அவர்களுக்கு வேறு எது பொருத்தம்?

ஆனால் களம் கம்பனியின் நிலம். தோட்டத்தை நடத்தும் துரை அனுமதிக்க வேண்டும். இப்போதைய துரை இளவயதுக்காரர், கண்டியில் இருந்து வந்த சிங்களவர். கெட்டவர் இல்லை, ஆனால் எல்லாம் எழுத்தில் வேண்டும். தமிழில் கொடுத்த கடிதம், மொழி புரியவில்லை என்று திரும்பி வந்தது. சிங்களத்தில் கொடுத்ததற்கு, கல்லின் நீளம் அகலம் என்ன, வரைபடம் எங்கே என்று கேள்வி வந்தது. மூன்றாவதை நான் இங்கிருந்து ஆங்கிலத்தில் எழுதினேன். ஆடி மாதம் அனுமதி கிடைத்தது. லண்டன் விசா எனக்கு இதைவிடச் சீக்கிரம் கிடைத்தது.

கல் வெட்ட சோமபால பாஸ் ஒப்புக்கொண்டார். பாஸ் என்றால் எங்கள் பக்கம் மேசன், தச்சன் எல்லோருக்கும் பொதுப் பெயர். அவர் பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்காரர், அண்ணனோடு பீடி பிடித்த சிநேகிதர். வாசகம் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "நீதான படிச்ச புள்ள" என்றார் மதினி. ஒரு வாரம் யோசித்து இப்படி எழுதினேன்: 'இந்தப் பெரட்டுக் களத்தில் நாள்தோறும் நின்று, கொரோனா காலத்தில் எம்மைப் பிரிந்தவர்கள்.' அதன் கீழே ஐந்து பெயர்கள்.

இந்த இடத்தில் என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வடக்கே, பருத்தித்துறைக்காரர். இங்கே பஸ் ஓட்டுகிறார். தமிழில் ஒரு புள்ளி தவறினாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. கோயில் நோட்டீசில் பிழை கண்டால் பேனாவை எடுத்துத் திருத்திவிட்டுத்தான் சாமி கும்பிடுவார். நான் வாசகத்தைக் கணினியில் வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தேன். வந்ததும், "சரசு, நீர் எழுதினதில ஒரு பிழை கிடந்தது. திருத்திப் போட்டன்" என்றார்.

"நல்லதுங்க" என்றேன். ஐந்து பெயரும் சரியாக இருக்கின்றனவா என்று மட்டும் ரெண்டு தரம் பார்த்தேன். மேல்வரியைப் பார்க்கவில்லை. நான் எழுதியதுதானே என்ற தைரியம். அப்படியே அனுப்பிவிட்டேன்.

4

புரட்டாசிக் கடைசியில் கல்லை லொறியில் கொண்டுவந்து களத்து ஓரத்தில் நிறுத்தினார்கள். சாக்கை எடுத்ததும் வாசிக்கத் தெரிந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கிறார்கள். பிறகு ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, கூட்டமே சிரிக்க ஆரம்பித்துவிட்டது.

கல்லில், 'இந்தப் புரட்டுக் களத்தில்' என்று இருந்தது.

பெரட்டு என்ற சொல்லைக் கேட்டே இராத என் கணவர் அதைப் புரட்டு என்று திருத்தியிருக்கிறார். தமிழ் வாசிக்கத் தெரியாத சோமபால பாஸ், அச்சில் இருந்ததைப் படம் வரைவது போல அப்படியே ஆழமாக வெட்டியிருக்கிறார். என் மக்கள் காலம் காலமாக நின்ற களத்தை நானே ஏமாற்றுக் களம் ஆக்கிவிட்டேன்.

"பொய்யாவா எழுதியிருக்கு? உள்ளதத்தான எழுதியிருக்கு" என்று யாரோ சொல்ல, சிரிப்பு இன்னும் கூடியிருக்கிறது. அந்த நேரம் பார்த்தா துரையின் ஜீப் வர வேண்டும்? இவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். கைத்தொலைபேசியைக் கல்லுக்கு நேராகப் பிடித்திருக்கிறார். அது மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறது: 'இந்த மோசடி மைதானத்தில்.'

கண்டாக்கு ஐயா, அதாவது வெளிவேலைகளைப் பார்க்கும் அதிகாரி, எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். துரை கேட்கவில்லை. அனுமதி ரத்து, கல்லை எடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கம்பனிக்கும் படம் போய்விட்டது.

மதினி அழைத்தபோது நான் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுல்ல சரசு. எல்லாரும் சிரிச்சாங்களா, நானும் சந்தோசத்துல சிரிக்கிறாங்கன்னு கூடச் சேர்ந்து சிரிச்சுட்டேன்."

அதைக் கேட்டதும் குளிர் அறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

5

வீட்டுக்கு வந்து கணவரோடு சண்டை போடலாம் என்றுதான் கிளம்பினேன். பாதி வழியிலேயே கோபம் என் பக்கம் திரும்பிவிட்டது. இருபது வருடமாக ஒரே வீட்டில் இருக்கும் மனிதருக்குப் பெரட்டு என்ற சொல் தெரியவில்லை என்றால், அது யார் குற்றம்?

கல்யாணமான புதிதில் அவருடைய சொந்தக்காரர்கள் நான் பேசுவதைக் கேட்டு, "தோட்டக்காட்டுத் தமிழ்" என்று சிரித்தார்கள். கெட்ட எண்ணம் இல்லை, வெறும் கேலிதான். ஆனால் நான் அன்றே வாயைக் கட்டிக்கொண்டேன். லயம், பெரட்டு, கொழுந்து எல்லாவற்றையும் மடித்து உள்ளே வைத்துவிட்டு ஊருக்குத் தொலைபேசும்போது மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு, எடுத்துப் புழங்கினேன். என் மகளுக்கும் ஒரு சொல் கொடுக்கவில்லை. கல்லில் எழுத்துப் பிழை விட்டது அவர். அதற்கு வழி செய்து வைத்தது நான். அதை அன்று அவரிடம் அப்படியே சொன்னேன்.

"உம்மட அண்ணன்ர பெயருக்கு மேல நான் புரட்டெண்டு எழுதிவிட்டன்" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

மறுநாள் துரைக்கு அழைத்தேன். மரியாதையாகத்தான் பேசினார்.

"அது மோசடி இல்லை சேர், எழுத்துப் பிழை. நாங்கள் எழுத நினைத்தது பெரட்டு. அது உங்கள் சொல்தான்."

"எங்கள் சொல்லா?"

"வெள்ளைக்காரத் துரைமார் கொண்டுவந்தது. பரேட்."

அந்தப் பக்கம் அவர் வாய்க்குள் மெல்லச் சொல்லிப் பார்ப்பது கேட்டது. "பரேட்... பெரட்... பெரட்டு!" ஒரு சிரிப்பு. "தினமும் காலையில் சொல்கிறேன். அதைத் தமிழ்ச் சொல் என்றல்லவா நினைத்திருந்தேன்."

"நாங்களும் அப்படித்தான் நினைத்திருக்கிறோம் சேர்."

சிரித்தாரே தவிர விட்டுக்கொடுக்கவில்லை. கம்பனிக்குப் படம் போய்விட்டது, இனி விளக்கம் எழுத்தில் வேண்டும், புரட்டு என்ற சொல் கல்லில் இருக்கவே கூடாது என்றார். தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

கடிதத்தைத் தானே எழுதுவதாகக் கணவர் உட்கார்ந்துவிட்டார். பெரட்டு என்பது பரேட்டில் இருந்து வந்து, மலையக மக்கள் நெடுங்காலமாக வழங்கும் நல்ல தமிழ்ச் சொல் என்று அவர் கையால் எழுதினார். இதைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைத்திருந்தது. ஆனால் அவருடைய ஆங்கிலம் பழைய நீதிமன்றத்து ஆங்கிலம். எங்கள் மகள் கயல்விழியைத் திருத்தச் சொன்னோம். அவளுக்குப் பதினாறு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும், அதுவும் அறைக் கதவுக்குப் பின்னால் இருந்து.

வாசித்துவிட்டு வெளியே வந்தாள். "பரேட் என்றால், மாமா மார்ச் பண்ணினாரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இல்லடி. நிப்பாங்க. பேரு கூப்புட்டா மலைக்குப் போவாங்க. உங்க மாமா மட்டும் எப்பவும் லேட்டு. சட்டையப் போட்டுக்கிட்டே ஓடுவாரு. பின்னாலேயே மதினி ஓடுவாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன். கதவைச் சாத்தாமல் பேசியிருக்கிறேன். அவள் என்னை வியப்பாகப் பார்த்தாள். "அம்மா, நீங்க வேற மாதிரிப் பேசுறீங்க" என்றாள். தமிழில்.

அவள் கடிதத்தைத் திருத்தியதோடு நிற்கவில்லை. கடைசியில் தானாக நாலு வரி சேர்த்திருந்தாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'என் மாமாவை நான் தொலைபேசித் திரையில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அவரைப் போய்ப் பார்க்க ஒரு கல்லறையும் இல்லை. தினமும் காலையில் அவர் நின்ற இடம் ஒன்று இருக்கிறது என்று எனக்கு இன்றுதான் தெரியும். நான் வரும்போது அது இருக்க வேண்டும்.'

பதில் பன்னிரண்டாம் நாள் வந்தது. சொல்லை நீக்கினால் கல் இருக்கலாம்.

6

புதுக் கல் வெட்ட நாள் இல்லை. சோமபால பாஸ் உளியை எடுத்துக்கொண்டு களத்துக்கே வந்துவிட்டார். ஆழமாக வெட்டிய எழுத்தை நீக்க வேண்டுமென்றால் இன்னும் ஆழமாகப் போக வேண்டும். நாலாவது அடியில் கல் பொளந்து, கையளவு துண்டு ஒன்று சிதறி விழுந்தது. பெயர்களுக்கு மேலே, கல்லின் நடுவில், ஒரு பள்ளம். நல்லவேளை, ஐந்து பெயருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பாஸ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாராம்.

தீபாவளிக்கு முதல் நாள். இங்கே மத்தியானம், அங்கே இருட்டத் தொடங்கும் மாலை. நான் விடுப்பு எடுத்திருந்தேன். கயலுக்குப் பள்ளி விடுமுறை. கணவர் பஸ்ஸை நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு, சீருடையோடு ஓடிவந்து எங்கள் பின்னால் நின்றார். திரையில் களமும் தூறலும் ஐந்து வீட்டு ஆட்களும் தெரிந்தார்கள்.

"மாமா பேர் எது?" என்று கயல் கேட்டாள்.

மதினி தொலைபேசியைக் கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அவருக்கும் எது என்று தெரியாது. மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தார். கயல் எழுத்துக் கூட்டினாள். "ம... ரு... த... மு... த்... து. அத்தை, அதுதான்! நிறுத்துங்க!"

"இதாம்மா அவரு?" என்று மதினி அந்த எழுத்துகளை விரலால் தடவினார். மகள் வாசித்துச் சொல்ல, மதினி தடவித் தெரிந்துகொண்டார். என் பக்கத்தில் கணவர் மூக்கை உறிஞ்சினார்.

பிறகு கல்லின் அடியில் ஐந்து விளக்கு வைத்தார்கள். ஐப்பசிக் காற்று எங்கள் பக்கம் சும்மா இருக்குமா? ஒன்றைக் கொளுத்தினால் ஒன்று அணைந்தது. குடை பிடித்தார்கள், சேலையால் மறைத்தார்கள். தீக்குச்சிதான் தீர்ந்துகொண்டு வந்தது. கடைசியில் எல்லா விளக்கும் அணைந்துபோயின. இவ்வளவுக்குப் பிறகு இதுவும் இல்லையா?

மதினி குனிந்து தன் விளக்கை எடுத்தார். கல்லை மேலும் கீழும் பார்த்தார். பொளந்து போன அந்தப் பள்ளத்துக்குள் விளக்கை வைத்து, குச்சியைக் கிழித்தார். சுடர் ஒரு தரம் சாய்ந்தது. பிறகு நிமிர்ந்து நின்றது. அதன் வெளிச்சம் கீழே இருந்த பெயர்கள் மேல் விழுந்தது.

மற்ற நான்கு வீட்டாரும் தங்கள் விளக்குகளோடு கிட்ட வந்தார்கள். மதினி கொஞ்சம் தள்ளி வைத்து இடம் கொடுத்தார். நெருக்கிப் பிடித்தால் ஐந்துக்கும் இடம் இருந்தது.

"நிக்குது மதினி" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தலையை மூடி, கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தார். அண்ணன் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் பேச ஆரம்பிப்பாரே, அதே குரலில் பேசினார்.

"இந்தாங்க, ஒங்களத்தான். கேளுங்க, இந்த அஞ்சு வருசக் கதை எம்புட்டோ கெடக்கு."